ஓடக்காரி வந்த காட்சி

உ
பொய்யாத விநாயகர் துணை

காஜா பெராங், மலாக்கா
2-6-1957

சிங்கப்பூர் ‘வெள்ளித் தாரகை’ வார இதழில் சினிமாக் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிற ஐயா அவர்களுக்கு, மலாக்காவிலிருந்து பூங்காவனம் எழுதிக்கொண்டது. நான் நலம். என் மகன் மருதமுத்து நலம். மருமகளுக்கு உடம்பு தேறிவருகிறது. உங்கள் வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கவேண்டும்.

நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை போனவள். எழுத்து கோணலாக இருக்கும், விஷயம் நேராக இருக்கும்.

எங்கள் குழாயடியில் படக்கதை சொல்கிறவள் நான். பிள்ளை பெற்றவர்கள், புருசன் வெளியே விடாதவர்கள், படம் பார்க்கப் போக முடியாத எல்லாரும் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு என்னிடம்தான் கேட்பார்கள். எதிர்வீட்டுச் சிட்டி அம்மா மலாய் பேசும் பழைய செட்டி வம்சம், தமிழ் வராது. அவளுக்கு மலாயில் சொல்வேன். ஒரு காட்சியைக்கூட நான் மாற்றிச் சொன்னதில்லை.

போன வாரம் ‘ராணி முத்துமேகலை’ சொன்னேன். மந்திரியின் சதியால் ராஜா ராணியைக் கைக்குழந்தையோடு காட்டுக்கு விரட்டுகிறார். ராணி ஆற்றங்கரைக்கு வருகிறாள். ஆற்றில் வெள்ளம், குழந்தைக்குக் காய்ச்சல். அப்போது ஓடக்காரி ஒருத்தி வருகிறாள். “உன்கிட்ட இருந்தா மந்திரி ஆளுங்க விடமாட்டானுங்க தாயி. என்கிட்ட குடு. எனக்குப் பாலு இருக்கு. பெரியவனானதும் நானே கொண்டாந்து விடறேன்” என்று குழந்தையை வாங்கிக்கொண்டு ஓடத்தைத் தள்ளுகிறாள். கடைசியில் ராணி அரண்மனைக்குத் திரும்பியதும் காலித் தொட்டிலை ஆட்டுகிறாளே, அது அவன் வருவான் என்றுதான்.

சொல்லி முடிக்கவில்லை, காரைக்குடியிலிருந்து வந்திருக்கிற உமையாள் ஆச்சி எல்லார் முன்னாலும், “நான் ஊர்லயே பாத்தாச்சு. அந்தப் பிள்ளை ஆத்தங்கரையில செத்துப்போகும். ஓடக்காரியாவது ஒண்ணாவது” என்றார்.

“அப்ப தொட்டிலை எதுக்கு ஆட்டறாளாம்?” என்று கேட்டேன்.

“செத்த பிள்ளையை நினைச்சு ஆட்டறா” என்றார்.

ஐயா, அந்தக் குழந்தை பிழைத்ததா இல்லையா? பிழைத்தது என்று எனக்குத் தெரியும். நீங்கள் அச்சில் போட்டால் ஆச்சிக்கும் தெரியும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பூங்காவனம்

*

‘வெள்ளித் தாரகை’, 21-6-1957, கேள்வி–பதில் பகுதி

பூங்காவனம், மலாக்கா: ‘ராணி முத்துமேகலை’யில் குழந்தையை ஓடக்காரி காப்பாற்றுகிறாள் அல்லவா?

பதில்: இல்லை. குழந்தை ஆற்றங்கரையில் காய்ச்சலில் இறந்துவிடுகிறது. ராணி தன் கையாலேயே மணலில் குழி தோண்டுகிறாள். ஓடக்காரி எந்தப் படத்திலிருந்து ஓடம் விட்டுக்கொண்டு வந்தாள் என்று நமக்குத் தெரியவில்லை. அம்மையார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்க்கலாம்.

*

உ
பொய்யாத விநாயகர் துணை

மலாக்கா
27-6-1957

கேள்வி–பதில் ஐயாவுக்குப் பூங்காவனம் எழுதிக்கொண்டது. நலம். நீங்களும் நலமாகத்தான் இருக்கிறீர்கள் என்று உங்கள் பதிலிலேயே தெரிகிறது.

நான் கண்ணாடி போடுவதில்லை. இந்த வயதிலும் ஊசியில் நூலை நானே கோக்கிறேன்.

படம் நான் பார்த்தது 1939ஆம் வருசம் மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை, பகல் ஆட்டம். பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சு, இடது கைப்பக்கம் தூண். நான் மாதுளம்பூ நிறத்துச் சேலை. என் மடியில் ஒன்பது மாதக் குழந்தை, என் இரண்டாவது மகன் கருணாகரன். பக்கத்தில் என் நாத்தனார் சாரதாம்பாள். என் வீட்டுக்காரர் ஆண்கள் பக்கம்.

ராணி குழந்தையைக் கரையில் படுக்கவைக்கிற நேரம், என் குழந்தையைக் கட்டெறும்பு கடித்துவிட்டது. தொடையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிவப்பு. வீரிட்டான். “பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வெளியே போம்மா” என்று ஆண்கள் கத்தினார்கள். என் நாத்தனார் அப்போது கல்யாணமாகாத பெண். கை சும்மாதான் இருந்தது. “குடுங்க அண்ணி” என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை, இனியும் மறப்பதாக இல்லை. நான்தான் தூக்கிக்கொண்டு போய்த் தாழ்வாரத்தில் நின்றேன். தூறல். கடலை விற்கிறவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது ராணி அரண்மனையில் தொட்டில் பக்கம் நின்றாள்.

கடலைக்காரர் தலையில் இருந்த சாக்குவரை சொல்கிறவள் ஓடக்காரியை மட்டும் தப்பாகச் சொல்வேனா? திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
பூங்காவனம்

*

சிங்கப்பூர்
6-7-1957

அன்புள்ள அம்மா, வணக்கம். தங்கள் நலமும் தங்கள் மருமகளின் உடல்நலமும் சிறக்க வேண்டுகிறேன்.

தங்கள் கடிதத்தை அலுவலகத்தில் எல்லாரும் படித்தோம். கண்ணாடி பற்றி எழுதியதற்கு வருந்துகிறேன். ஆனால் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது. ராணி குழந்தையைப் படுக்கவைத்தபோது தாங்கள் வெளியே போனீர்கள். திரும்பி வந்தபோது அரண்மனை. அப்படியானால் ஓடக்காரியை எப்போது பார்த்தீர்கள்?

தங்கள் உண்மையுள்ள,
ராஜரத்தினம்,
கேள்வி–பதில் பகுதி

*

உ
பொய்யாத விநாயகர் துணை

மலாக்கா
13-7-1957

ராஜரத்தினம் ஐயாவுக்குப் பூங்காவனம் எழுதிக்கொண்டது. வீட்டில் யாவரும் சுகம்.

நான் பார்த்தேன் என்று சொல்லவில்லை. வந்தாள் என்று சொன்னேன்.

எந்தப் படத்துக்குப் போனாலும் குழந்தை அழுதால் நான் வெளியே நிற்பேன். விட்டுப்போனதை வீட்டுக்கு நடந்து வருகிற வழியில் என் வீட்டுக்காரர் சொல்வார். ஒரு வார்த்தை குறையாது. ஓடக்காரி பேசிய பேச்சைத் தெங்கேரா ரோட்டில் ஆரம்பித்து, எங்கள் சந்து திரும்புகிறவரை அவள் குரலிலேயே சொன்னார்.

அவர் பெயர் கலியாணசுந்தரம். 1943இல் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. படம் உங்களுக்குச் சின்ன விஷயம். எனக்கு, அந்த மனுசர் என்னிடம் பொய் சொன்னாரா இல்லையா என்பது விஷயம். அவர் பொய் சொன்னதில்லை.

படத்தை முழுக்கப் பார்த்த சாட்சி ஒருத்தி சிங்கப்பூரில் இருக்கிறாள். அவளுக்கு நான் எழுதிப் பதினான்கு வருசம் ஆகிறது. இதற்காக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பூங்காவனம்

*

உ
பொய்யாத விநாயகர் துணை

மலாக்கா
20-7-1957

சாரதாம்பாளுக்கு அண்ணி எழுதிக்கொண்டது. நீயும் உன் வீட்டுக்காரரும் நன்றாக இருப்பதாகக் கருணாகரன் சொல்லித் தெரியும். அதனால் நலம் விசாரிக்க இதை எழுதவில்லை.

‘ராணி முத்துமேகலை’ ஞாபகம் இருக்கும். அன்றைக்குப் பெஞ்சில் அழுத்தமாக உட்கார்ந்திருந்தாயே, அந்தப் படம். நான் தாழ்வாரத்தில் நின்ற நேரத்தில் ஓடக்காரி வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு போனாள் என்று உன் அண்ணன் சொன்னார். இங்கே ஒரு ஆச்சியும் அங்கே ஒரு பத்திரிகைக்காரரும் இல்லை என்கிறார்கள். நீ பார்த்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. பத்திரிகைக்கு அனுப்பவேண்டும்.

அந்தப் பத்திரிகையை அரிசி டின்னுக்குள் போட்டு வைத்திருக்கிறேன். பிள்ளை செத்தது என்று அதில் அச்சாகி இருக்கிறது. மருமகள் கோகிலா கண்ணில் படவேண்டாம்.

அண்ணி,
பூங்காவனம்

*

சிராங்கூன், சிங்கப்பூர்
4-8-1957

அன்புள்ள அண்ணிக்கு, சாரதா அநேக நமஸ்காரம். இங்கு அவருக்கு மட்டும் முட்டிவலி, மற்றபடி சுகம். உங்கள் கையெழுத்தைத் தபால்காரர் கையில் பார்த்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. யாருக்கு என்னவோ என்று உறையைக் கிழிக்கவே நேரமாயிற்று.

பங்குனி மாதம் மருதமுத்துவின் கைக்குழந்தை பொன்னுதுரை காய்ச்சலில் போன செய்தியைக் கருணாகரன் எழுதியிருந்தான். மூன்று மாதக் குழந்தை. அப்போதே உங்களுக்கு எழுத எடுத்து, பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவீர்களோ என்று விட்டுவிட்டேன். கோகிலா எப்படி இருக்கிறாள்? சாப்பிடுகிறாளா? மூத்தது ருக்மணிக்கு இப்போது மூன்று வயது இருக்குமே. தம்பியைத் தேடுகிறாளா?

படம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பதினெட்டு வருசத்துச் சங்கதி. எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை அண்ணி. விட்டுவிடுங்களேன்.

உங்கள்,
சாரதா

*

உ
பொய்யாத விநாயகர் துணை

மலாக்கா
15-8-1957

சாரதாவுக்கு அண்ணி எழுதிக்கொண்டது. உன் வீட்டுக்காரர் முட்டிக்கு நல்லெண்ணெயில் பூண்டைக் காய்ச்சித் தேய்க்கச் சொல்.

உனக்கு ஞாபகம் இல்லை என்பதை நான் நம்பவில்லை. அன்றைக்கு நீ போட்டிருந்த ரவிக்கையில் வலது பக்கக் கொக்கி இல்லை, ஊக்குக் குத்தியிருந்தாய். எனக்கே அது ஞாபகம் இருக்கிறது. சொல்ல இஷ்டமில்லை என்றால் அப்படி எழுது.

இனி உன் சாட்சி வேண்டாம். சுதந்திரக் கொண்டாட்டத்துக்குப் பழைய படங்களாகப் போடுகிறார்கள். செப்டம்பர் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டம் ‘ராணி முத்துமேகலை’. சுவரெங்கும் ஒட்டியிருக்கிறது. குழாயடி முழுக்கப் போகிறோம். உமையாள் ஆச்சி வருகிறார். என் பக்கத்திலேயே உட்காரச் சொல்லியிருக்கிறேன். ஓடக்காரி வரும்போது அவர் முகத்தை நான் பார்க்கவேண்டும்.

கோகிலாவும் வருகிறாள். பங்குனிக்குப் பிறகு அவள் வாசல் தாண்டவில்லை. குழாயடிக்குக்கூட நான்தான் போகிறேன். பேச்சு இல்லை. ருக்மணிக்குத் தலை வாரும்போது பாதியில் சீப்பை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள். போன வாரம் ஓடக்காரியை அவளுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, “நானும் வரட்டுமா அத்தை?” என்றாள். ஐந்து மாதத்தில் அவள் வாயாகக் கேட்ட முதல் காரியம். மருதமுத்து மறுநாளே போய் டிக்கெட் எடுத்துவிட்டான்.

அவள் அதைக் கண்ணால் பார்க்கட்டும். எனக்கு அந்த நாளில் அது எவ்வளவு ஆறுதல் ஆயிற்று என்று உனக்குத் தெரியாது.

அண்ணி,
பூங்காவனம்

*

சிங்கப்பூர்
24-8-1957

அன்புள்ள அண்ணிக்கு, சாரதா நமஸ்காரம். நலம் விசாரிப்பை இந்த ஒரு தடவை மன்னித்துக்கொள்ளுங்கள். கோகிலாவை அந்தப் படத்துக்கு அழைத்துப் போகாதீர்கள்.

ஓடக்காரி படத்தில் இல்லை. ஆச்சி சொன்னதுதான் சரி, பத்திரிகையில் போட்டதும் சரி. ராணி கையால் மணலைத் தோண்டுகிறாள். அதை ரொம்ப நேரம் காட்டுவார்கள்.

அண்ணன் முந்தின நாளே கூட்டாளிகளோடு போய் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார். தோட்டத்தில் உங்கள் மகள் பொன்னம்மா இறந்துபோய் அப்போது இரண்டு வருசம்கூட ஆகவில்லை. அவள் போனதற்கப்புறம் நீங்கள் எங்கேயும் போகாமல் இருந்தீர்கள். கருணா பிறந்தும் அப்படியேதான். அந்தப் படத்துக்கு, “நானும் வரேன்” என்று நீங்களே கேட்டீர்கள். வேண்டாம் என்று சொல்ல அண்ணனுக்கு மனசு வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பீர்கள்.

காலையில் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். “ஆறு வரும் சாரதா. ராணி பிள்ளையைக் கீழே படுக்கவைப்பா. அப்ப நீ கருணாவைக் கிள்ளிவிடு. நல்லா அழற மாதிரி கிள்ளு. நீ வாங்கிக்கிட்டுப் போயிடாதே, உங்கண்ணியே தூக்கிட்டுப் போகணும். மிச்சத்தை நான் வழியில சொல்லிக்கறேன்” என்றார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார்.

கட்டெறும்பு நான்தான் அண்ணி.

வீட்டுக்கு நடக்கும்போது நான் உங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் வந்தேன். அண்ணன் ஓடக்காரியை அப்போதுதான் உண்டாக்கிக்கொண்டிருந்தார். நடுவில் திணறினார். “அப்புறம்?” என்று நீங்கள் கேட்டீர்கள். நீங்கள் யாரிடமும் “அப்புறம்” என்று கேட்டு அத்தனை நாள் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவருக்குத் திணறல் வரவில்லை.

சத்தியத்தை மீறிவிட்டேன். அண்ணன் இருந்தால் கோகிலாவுக்காக மீறு என்றுதான் சொல்லியிருப்பார்.

உங்கள்,
சாரதா

*

சிங்கப்பூர்
18-9-1957

அன்புள்ள அண்ணிக்கு, நமஸ்காரம். நாங்கள் சுகம். அவருக்குப் பூண்டெண்ணெயில் குணம் தெரிகிறது.

என் கடிதம் கிடைத்ததா? எட்டாம் தேதி போய்ப் பத்து நாள் ஆகிவிட்டது. திட்டியாவது இரண்டு வரி போடுங்கள்.

சாரதா

*

உ
பொய்யாத விநாயகர் துணை

மலாக்கா
29-9-1957

சாரதாவுக்கு அண்ணி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இரண்டு கடிதமும் கிடைத்தன. ஒரு மாதம் பதில் போடாததற்கு நான் வருத்தம் தெரிவிக்கப்போவதில்லை. நீ பதினெட்டு வருசம் எடுத்துக்கொண்டாய்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கொல்லையில் நின்று படித்தேன். படித்துவிட்டு அன்றைக்கு உலை வைக்க மறந்துவிட்டேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

படத்துக்குப் போகவேண்டாம் என்று கோகிலாவிடம் சொல்லத்தான் உள்ளே வந்தேன். அவள் பெட்டியைத் திறந்து பச்சைச் சேலையை எடுத்து வெயிலில் போட்டுக்கொண்டிருந்தாள். “இது கட்டிக்கட்டுமா அத்தை?” என்றாள். உன் அண்ணன் நின்ற இடத்தில் அன்றைக்கு நான் நின்றேன்.

முதலில் உமையாள் ஆச்சி வீட்டுக்குப் போனேன். அந்தப் படி நான் ஏறியதே இல்லை. ஆச்சி வடகம் காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஆச்சி, நீங்க சொன்னதுதான் சரி. பிள்ளை சாவுது” என்றேன்.

“இதை இங்க வந்து சொன்னா யாருக்குத் தெரியும்? குழாயடியில வந்து சொல்லுங்க” என்றார்.

“சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லக்கூடாது. இனிமே ஓடக்காரி வந்தான்னுதான் சொல்லணும்.”

“இது என்ன கூத்து? ஜெயிச்சவ நானு.”

கோகிலாவைப் பற்றிச் சொன்னேன். ஆச்சி நாலு வடகத்தைத் திருப்பிப் போட்டார். பிறகு, “காப்பி குடிக்கிறீங்களா?” என்றார். குடித்தேன். சீனி அதிகம். ஆனால் அதை அங்கே சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனோம். இப்போது பெஞ்சு இல்லை, நாற்காலி. எனக்கு ஒரு பக்கம் ஆச்சி, ஒரு பக்கம் கோகிலா, மடியில் ருக்மணி. குழந்தை இடைவேளைக்கு முன்னாலேயே தூங்கிவிட்டாள். ஆறு வந்தது. ராணி குழந்தையைப் படுக்கவைத்தாள். கிள்ளினேன். இந்தப் பிள்ளை தூக்கம் கல் மாதிரி, புரண்டு படுத்துக்கொண்டாள். இன்னொரு கிள்ளு, நன்றாகக் கிள்ளினேன். கொட்டகையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

“குடுங்க அத்தை, நான் வெளியே கொண்டுபோறேன்” என்று கோகிலா வாங்கிக்கொண்டு போனாள். நான் எழுந்திருக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முழுக்கப் பார்த்தேன். நீ எழுதியிருந்தபடியேதான். பொன்னம்மாவுக்கு உன் அண்ணன் மண்வெட்டியால் தோண்டினார். என்னை லயத்துப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள், பக்கத்தில் விடவில்லை. இருபது வருசம் கழித்து இப்போது பார்த்தாயிற்று. ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் படம் முடிந்தபிறகுதான் கவனித்தேன்.

வருகிற வழியில் கோகிலாவிடம், விட்டுப்போனதை நான் சொல்கிறேன் என்றேன். சொன்னேன். நான் திணறவில்லை. பதினெட்டு வருசம் சொன்ன கதை.

மறுநாள் கோகிலா குடத்தோடு குழாயடிக்கு வந்தாள். ஆச்சிதான் முதலில், “நான்தான் வேற ஏதோ படத்தோட குழப்பிக்கிட்டேன் போல. ஓடக்காரி வரத்தான் செய்யறா. நல்லா நடிச்சிருக்கா” என்றார். அந்தக் கடைசி வார்த்தை தேவையில்லை, ஆச்சிக்கு எப்போதும் ஒன்று கூடத்தான் வரும். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். சிட்டி அம்மா, “காசியான், காசியான்” என்று கண்ணைத் துடைத்தாள். பாவம் பாவம் என்கிறாள். பிள்ளையை நினைத்தா கோகிலாவை நினைத்தா என்று நான் கேட்கவில்லை.

பத்திரிகைக்கும் புதுத் தபால்தலை ஒட்டி எழுதிவிட்டேன். “உங்கள் பதில் சரி. ஆனால் என் பெயரில் இனி எதையும் அச்சில் போடவேண்டாம். படம் எடுத்தவர்களுக்கு அந்த இடத்தில் ஓடக்காரி தோன்றவில்லை. என் வீட்டுக்காரருக்குத் தோன்றினாள். அவ்வளவுதான் வித்தியாசம்” என்று எழுதினேன்.

நீ எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த கோபத்தை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் வேறு ஒன்று வைத்திருக்கிறேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கட்டெறும்புக்காக எல்லாப் பாயையும் உதறி, தலையணையைப் பிரித்துப் பஞ்சை வெயிலில் போட்டேன். நீ பக்கத்தில் நின்று எனக்கு ஒத்தாசை செய்தாய். அதை நேரில்தான் கேட்கவேண்டும். தீபாவளிக்கு வா. உன் வீட்டுக்காரரையும் அழைத்து வா.

அண்ணி,
பூங்காவனம்

*

மலாக்கா
9-10-1957

சிங்கப்பூர் அத்தைக்கு, கோகிலா வணங்கி எழுதுவது. நாங்கள் எல்லாரும் நலம். நீங்களும் மாமாவும் தீபாவளிக்கு வருவதாக எழுதியதைப் பார்த்து இவர் முன்னறையில் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கிவிட்டார். அத்தை தினமும் உங்களைத் திட்டுகிறார்கள். உங்களுக்குப் பிடிக்கும் என்று நாரத்தங்காய் உப்பில் போட்டிருக்கிறார்கள்.

இந்தக் கடிதம் நான் எழுதுவது அத்தைக்குத் தெரியாது. வந்த பிறகும் நீங்கள் சொல்லவேண்டாம்.

அரிசி டின்னில் தினமும் அளக்கிறவள் நான்தான். ஆகஸ்டு மாதக் கடைசியில் அரிசி அடி தட்டியபோது பத்திரிகை கையில் வந்தது. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டேன். மடித்து அதே இடத்தில் வைத்து, மேலே புது அரிசியைக் கொட்டினேன். படத்தில் பிள்ளை சாகிறது என்று தெரிந்துதான் பச்சைச் சேலையை வெயிலில் போட்டேன். இன்னொருத்திக்கும் அப்படி ஆனதைப் பார்க்கவேண்டும் போல இருந்தது. ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ருக்மணி கத்தியதும் வெளியே தூக்கிக்கொண்டு வந்தேன். “என்னாச்சுடி?” என்றேன். “அப்பாயி கிள்ளிச்சும்மா, ரெண்டு வாட்டி” என்று தொடையைக் காட்டினாள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிவப்பு. எனக்குப் புரிந்துவிட்டது. திரும்ப உள்ளே போயிருக்கலாம். நேரம் இருந்தது. போகவில்லை. குழந்தைக்குக் கடலை வாங்கிக் கொடுத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். உள்ளே எனக்குப் பதிலாக அத்தை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தெங்கேரா ரோட்டில் அத்தை ஓடக்காரியைச் சொல்ல ஆரம்பித்தார்கள். குரலெல்லாம் மாற்றிச் சொன்னார்கள். இவர் ருக்மணியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். எங்கள் சந்து திரும்பும் இடத்தில் நான் கேட்டேன்:

“அந்தப் பிள்ளைக்கு ஓடக்காரி என்ன பேரு வச்சா, அத்தை?”

இவருடைய அப்பா சொன்ன கதையில் அது இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அத்தை நடையை நிறுத்தவில்லை, யோசிக்கவும் இல்லை.

“பொன்னுதுரைன்னு வச்சா” என்றார்கள்.

இப்படிக்கு,
கோகிலா